மண்ணா, தண்ணியா? – ஒரு பழைய சண்டையும் கஞ்சாச் செடியும்

டிஸ்கி: இது சரித்திரப் பதிவு. செய்முறை விளக்கம் கிடையாது. நம்ம நாட்டில் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அரசு அனுமதி இல்லாமல் கஞ்சாச் செடி வளர்ப்பது கம்பி எண்ணுகிற சமாச்சாரம். மொட்டை மாடித் தொட்டியில் ஒண்ணே ஒண்ணுதான் வச்சேன்னு சொன்னாலும் விடமாட்டாங்க. அதனால ஃபார்முலா கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம், ப்ளீஸ் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

கொஞ்ச காலமாவே பேப்பரைப் பிரிச்சா ஒரு வார்த்தை அடிக்கடி கண்ணில் படுது. பாங்காக்கில் இருந்து வந்த விமானத்தில் 'ஹைட்ரோபோனிக் கஞ்சா' பறிமுதல். சென்னை, பெங்களூர், மும்பைன்னு ஏர்போர்ட் பேர் மட்டும்தான் மாறுது. கூடவே 'உயர் ரக' என்று ஒரு அடைமொழி வேற. படிக்கிறவங்களும் "மண்ணே இல்லாம வெறும் தண்ணியில வளர்த்ததாம், அதான் அவ்வளவு வீரியமாம்" என்று பேசிக்கிறாங்க.

அந்த "அதான்" இருக்கு பாருங்க, அதுதான் இந்தப் பதிவு. தண்ணியில் வளர்த்ததாலதான் வீரியமா? மண்ணை விடத் தண்ணி ஒசத்தியா? இந்தக் கேள்விக்கு 1938-லேயே, கஞ்சாவுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ரெண்டு பேர் தக்காளிச் செடியை வச்சுப் பதில் சொல்லிட்டாங்க. ஆனாலும் அதுக்கப்புறம் ஐம்பது வருஷம் கழிச்சு, அமெரிக்காவில் வீட்டுக்குள்ளே ஒளிச்சு கஞ்சா வளர்த்தவங்க நிறைய பேர் தண்ணிப் பக்கமே சாய்ஞ்சாங்க. ஏன்னு தேடிக்கிட்டுப் போனா, விஷயம் வேரில் ஆரம்பிச்சு கோர்ட்டில் போய் நிக்குது.

வில்லோவும் புதினாவும்

செடி எதைத் தின்னு வளருது? இப்போ ஆறாங்கிளாஸ் பையன் பதில் சொல்லிடுவான். 17-ம் நூற்றாண்டில் பெரிய பெரிய மூளையெல்லாம் இதில் முட்டி மோதிக்கிட்டு இருந்தது.

ஃபான் ஹெல்மாண்ட் என்று ஒருத்தர், இப்போ பெல்ஜியம்னு சொல்ற ஊர்க்காரர். 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினார். மரம் 169 பவுண்டு ஆச்சு. மண்ணைக் காய வச்சு எடை போட்டா சுமார் 2 அவுன்சுதான் குறைஞ்சிருக்கு. "பாருங்கப்பா, மரம் மொத்தமும் தண்ணியில இருந்துதான் வந்தது"ன்னு முடிவு கட்டினார். அவர் செத்த பிறகு 1648-ல் புத்தகத்தில் வந்தது இது. காத்துன்னு ஒண்ணு இருக்கு, அதில் கரியமில வாயு இருக்கு, மரத்தோட கார்பனெல்லாம் அங்கேருந்துதான் வருதுன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஆனா, தொலைஞ்ச அந்த 2 அவுன்சு மண் முக்கியம். மனசுல வச்சுக்கோங்க.

1699-ல் லண்டனில் ஜான் உட்வர்ட் இதையே திருப்பிப் போட்டார். புதினா மாதிரி ஒரு செடியை எடுத்து, கண்ணாடிக் குடுவைகளில் மண்ணே இல்லாம வளர்த்தார். ஒண்ணுல மழைத்தண்ணி, ஒண்ணுல தேம்ஸ் ஆத்துத் தண்ணி, ஒண்ணுல ஹைட் பார்க் வாய்க்கால் தண்ணி, ஒண்ணுல தோட்டத்து மண்ணைக் கரைச்ச தண்ணி. எது நல்லா வளர்ந்துச்சு? தண்ணி எவ்வளவு அழுக்கோ செடி அவ்வளவு ஜோர்! ஆக, தண்ணி வெறும் வண்டி. அதில் ஏறி வர்ற சரக்குதான் சாப்பாடு என்று அவர் பிடிச்சுட்டார்.

அந்தச் சரக்கு என்னன்னு 1860-களில் ஜெர்மனியில் ஜூலியஸ் ஸாக்ஸும் வில்ஹெல்ம் க்நாப்பும் கண்டுபிடிச்சாங்க. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம், கொஞ்சம் இரும்பு. இதையெல்லாம் உப்பா தண்ணியில் கரைச்சு வச்சா, மண் இல்லாமலே செடி முளைச்சுப் பூத்துக் காய்க்குது. ஹெல்மாண்ட் விட்ட 2 அவுன்சின் ரகசியம் இதுதான்.

இங்கே ஒண்ணைக் கவனிக்கணும். இவங்க யாரும் "மண்ணை விட இது நல்லது"ன்னு சொல்லவே இல்லை. செடிக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்க இது ஒரு ஆராய்ச்சி முறை, அவ்வளவே. வேர் உறிஞ்சும்போது அதுக்கு மண்ணு, தண்ணின்னு பேதம் இல்லை. இரண்டிலுமே கரைஞ்ச உப்பைத்தான் அது எடுத்துக்குது.

25 அடித் தக்காளி

அடுத்த 70 வருஷம் இது ஆய்வுக்கூடக் குடுவைக்குள்ளேயே கிடந்தது. வெளியே இழுத்துட்டு வந்தவர் வில்லியம் ஃப்ரெடரிக் கெரிக். கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி வளாகம். 1929-ல் கட்டுரை போட்டார், ஊட்டக் கரைசலில் பயிர் செஞ்சு சந்தைக்கே அனுப்பலாம்னு. பெரிய தொட்டி, மேலே கம்பி வலை, வலைக்கு மேலே செடி, கீழே கரைசலில் வேர். தக்காளிக் கொடி 25 அடி ஏறிச்சு. ஏணி போட்டுப் பறிக்கிற ஃபோட்டோ பத்திரிகைகளில் வந்ததும் அமெரிக்காவே வாயைப் பிளந்தது.

முதலில் அவர் வச்ச பேர் 'அக்வாகல்ச்சர்'. அது மீன், நீர்த்தாவர வளர்ப்புக்கு ஏற்கனவே பட்டா போட்ட பேர். கூட வேலை பார்த்த செட்ச்செல் என்ற தாவரவியலாளர் கிரேக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். ஹைட்ரோ என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு. 1937-ல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' அச்சில் ஏறிச்சு.

(ஒரு கொசுறுத் தகவல். அதே 1937-லதான் அமெரிக்கா 'மாரிவானா வரிச் சட்டம்' போட்டு கஞ்சாவுக்கு முதல் பூட்டு போட்டது. இந்த ரெண்டும் பின்னாடி ஒரே ரூமுக்குள்ளே சந்திக்கும்னு அன்னைக்கு யார் கண்டா?)

பிரபலமானதும் வழக்கமான கூத்து ஆரம்பிச்சது. பொதுமக்கள் கடுதாசி மேல கடுதாசி போட்டு ஃபார்முலா கேட்டாங்க. இன்னொரு பக்கம், ஒரு சின்னத் தொட்டியில் குடும்பத்துக்கே காய்கறி, மண் இல்லாத புது யுகம்னு சொல்லி உப்புப் பொட்டலம் விக்கிற கும்பல் கிளம்பிடுச்சு. பல்கலைக்கழகம் கெரிக்கிட்ட விவரம் கேட்டது. அவரோ "என் சொந்த நேரத்தில் செஞ்ச வேலை இது"ன்னு முரண்டு பிடிச்சார். உறவு கசந்து 1937-ல் வெளியேறிட்டார். 1940-ல் அவரே புத்தகமா எழுதினார்.

தராசைக் கையில் எடுத்த ரெண்டு பேர்

அவர் போனதும் பல்கலைக்கழகம் அதே ஊர் டென்னிஸ் ஹோக்லண்டிடமும் டேனியல் ஆர்னனிடமும் "இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பீலா? பார்த்துச் சொல்லுங்க"ன்னு ஒப்படைச்சது. அவங்க செஞ்சது ரொம்ப சிம்பிள். ஒரே கண்ணாடிக் கூடம், ஒரே வெளிச்சம், ஒரே பராமரிப்பு. ஒரு பாத்தியில் நல்ல மண், ஒண்ணில் மணல், ஒண்ணில் ஊட்டக் கரைசல். மூணிலும் தக்காளி.

1938-ல் சுற்றறிக்கை எண் 347-ஆக முடிவு வந்தது. சுருக்கம் இதுதான்: நல்ல மண்ணில் நல்லபடியா பார்த்துக்கிட்ட செடிக்கும், கரைசலில் நல்லபடியா பார்த்துக்கிட்ட செடிக்கும் மகசூலில் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. சத்திலும் தரத்திலும் கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணியில் வளர்க்கிறதால செடிகளை நெருக்கி நெருக்கி நடலாம்ங்கிறதும் கதை. வெளிச்சத்துக்கு அடிச்சுக்கும்போது வேர் எதில் இருந்தா என்ன? கண்ணாடிக் கூடத்தில் பல மாசம் சொகுசா வளர்ந்த செடியை எடுத்து, வெயிலிலும் மழையிலும் வெளியே நிக்கிற வயக்காட்டுச் சராசரியோட ஒப்பிட்டா ஜெயிக்கத்தானே செய்யும்? அது தண்ணியோட வெற்றி இல்லை, கூடத்தோட வெற்றி.

கரைசல் முறைக்கு அவங்க விரோதியும் இல்லை. மண் சரியில்லாத இடத்தில் அது கை கொடுக்கும்னு ஒத்துக்கிட்டாங்க, ஃபார்முலாவையும் ஊருக்கே கொடுத்தாங்க. அந்த 'ஹோக்லண்ட் கரைசல்' இன்னைக்கும் உலகம் பூரா தாவரவியல் ஆய்வகங்களில் புழங்குது. ஆர்னன் பின்னாடி ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியில் பெரிய பேர் வாங்கினார்.

கெரிக்கையும் முழுசா தள்ளிட முடியாது. அவர் இழுக்காட்டி தேர் நகர்ந்திருக்காது. நம்ம கேள்விக்குப் பதில் சொன்னது மட்டும் ஹோக்லண்ட் தரப்புதான்.

தீவுகளின் விவசாயம்

அடுத்த பத்து வருஷத்தில் தண்ணி எங்கெல்லாம் ஜெயிச்சதுன்னு பார்த்தா ஒரு சூத்திரம் பிடிபடும்.

பசிபிக் நடுவில் வேக் தீவு. பவளத் திட்டு, மண் கிடையாது. பான் அமெரிக்கன் கம்பெனியின் நீர்விமானங்கள் ஆசியாவுக்குப் போற வழியில் இறங்குற இடம். பயணிகளுக்குப் பச்சைக் காய்கறி வேணுமே? 1930-களின் கடைசியில் அங்கே ஊட்டக் கரைசல் தொட்டி வச்சாங்க. 1945-ல் அட்லாண்டிக் நடுவில் அசென்ஷன் தீவில் அமெரிக்க ராணுவம் சரளைப் பாத்தி போட்டுக் கரைசலைப் பாய்ச்சித் தக்காளியும் கீரையும் எடுத்தது. போருக்கப்புறம் டோக்கியோ பக்கத்தில் ச்சோஃபுவில் இன்னும் பெரிசா ஒரு பண்ணை.

நம்ம நாட்டிலும் ஒண்ணு நடந்தது. 1946-ல் டார்ஜிலிங் மாவட்டம் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்ற ஆங்கிலேயர், பம்பு கிம்பு எதுவும் இல்லாம ஏழை பாழையும் செய்யுற மாதிரி ஒரு முறையை உருவாக்கினார். தொட்டியில் மணலும் கல்தூளும், மேலே உப்பைக் காய்ஞ்ச தூளாவே தூவி, பூவாளியில் தண்ணி. 'வங்காள முறை'ன்னு பேர் வச்சு 1951-ல் புத்தகம் போட்டார்.

சூத்திரம் என்ன? மண் இல்லாத இடத்தில், அல்லது மண்ணைக் கொண்டு வர முடியாத இடத்தில் தண்ணி ஜெயிக்கும். நல்ல மண் காலடியிலேயே கிடக்கும்போது அதுக்கு அவசியமே இல்லை.

இந்தச் சூத்திரத்தோட இப்போ கஞ்சாவுக்கு வருவோம்.

மண்ணிலேயே கிடைச்ச வீரியம்

கஞ்சாவில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. போதை தர்ற பிசின் அதிகம் சுரக்கிறது பெண் செடியோட பூங்கொத்தில். ஆண் செடியோட மகரந்தம் பட்டுட்டா பெண் செடி விதை கட்டுறதில் இறங்கிடும், பிசின் குறையும். ஆணைப் பிடுங்கிப் போட்டா பெண் செடி விதையில்லாம பூத்துக்கிட்டே, பிசின் சுரந்துக்கிட்டே இருக்கும். மெக்சிகோ ஸ்பானிஷில் இதுக்குப் பேர் 'சின்செமியா', விதையில்லாததுன்னு அர்த்தம்.

1970-களில் கலிபோர்னியா ஆளுங்க இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி கொண்டாடினாங்க. ஆனா வங்காளத்தில் நவகாவ் பக்கம் (இப்போ பங்களாதேஷ்) வெள்ளைக்காரன் காலத்திலேயே லைசென்ஸ் வாங்கி கஞ்சா பயிர் பண்ணின விவசாயிகள், ஆண் செடியை அடையாளம் கண்டு பிடுங்குறதுக்குன்னே தனி ஆள் வச்சிருந்தாங்க. 'கஞ்சா டாக்டர்'னே அவங்களுக்குப் பேர்! 1893-94-ல் இந்திய கஞ்சா கமிஷன் விசாரிச்சப்போ இதெல்லாம் பதிவாகியிருக்கு. நல்லா கவனிங்க, அவங்க செஞ்சது வரப்பு கட்டி, உரம் போட்டு, அசல் மண்ணில்.

ஆக, வீரியத்துக்கான முக்கியமான சூட்சுமம் மண்ணில் நின்ன விவசாயிக்குத் தெரிஞ்சதுதான். மத்தது ரகம், வெளிச்சம், சரியான நேரத்தில் அறுவடை. வேர் எதுல நிக்குதுங்கிறது இந்த லிஸ்ட்டில் ரொம்பக் கீழே.

வீடே தீவானது

அப்புறம் எப்படித் தண்ணி உள்ளே வந்தது?

1970-ல் அமெரிக்கா கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 1970-களின் நடுவில் மெக்சிகோ தன்னோட கஞ்சாக் காடுகள் மேல பாராகுவாட் களைக்கொல்லியை விமானத்தில் தெளிக்க ஆரம்பிச்சது, அமெரிக்க ஆதரவோட. அந்தச் சரக்கு எல்லை தாண்டி வருதுன்னு 1978 வாக்கில் பெரிய பீதி. உள்ளூர் சரக்குக்குக் கிராக்கி கூடிச்சு. வட கலிபோர்னியாவில் ஹம்போல்ட், மெண்டொசினோ, டிரினிட்டி மலைகளில் நல்ல மண்ணும் நல்ல வெயிலும் இருந்தது. அங்கே வளர்த்தாங்க. 1983-ல் அரசு 'கேம்ப்' என்ற பேரில் ஹெலிகாப்டரோட மலை ஏறி செடிகளை வெட்டித் தள்ள ஆரம்பிச்சது.

மேலே ஹெலிகாப்டர் சுத்தினா செடி எங்கே போகும்? வீட்டுக்குள்ளேதான். அடித்தளத்து அறை, கராஜ், துணி வைக்கிற அலமாரி. தெருவிளக்குக்கும் தொழிற்சாலைக்கும் வந்த சோடியம் விளக்கு, மெட்டல் ஹாலைடு விளக்கெல்லாம் சூரியன் ஆச்சு.

இப்போ சூத்திரத்தைப் பொருத்திப் பாருங்க. மண் இல்லை, வெயில் இல்லை, மழை இல்லை. அந்த ரூம் ஒரு வேக் தீவு! ஒரே வித்தியாசம், இந்தத் தீவை உண்டாக்கினது கடல் இல்லை, சட்டம்.

அந்தத் தீவுக்குள்ளே மண்ணும் தண்ணியும் எப்படி மோதிச்சுன்னு பார்ப்போம்.

மண்ணோட பலம் அதோட பொறுமை. களிமண் துகளும் மக்கின இலைதழையும் உப்பைப் பிடிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடும். புளிப்பு-காரத் தன்மை சட்டுனு ஏறி இறங்காது. நுண்ணுயிர்கள் எருவைச் செரிச்சு வேருக்கு ஊட்டும். நீங்க ரெண்டு நாள் ஊருக்குப் போனாலும் செடி மன்னிச்சிடும். பலவீனம் எடையும் அழுக்கும். பூச்சி முட்டை, பூஞ்சான் எல்லாம் இலவச இணைப்பா வரும். மூட்டை மூட்டையா வீட்டுக்குள்ளே போறதையும், பழைய மண் வெளியே வர்றதையும் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டே இருப்பார்.

தண்ணியோட பலம் வேகம். வேர் சாப்பாட்டைத் தேடி அலைய வேண்டாம், வாயில ஊட்டுற மாதிரி. வேருக்குக் காத்து சரியா கிடைச்சா இலை-தண்டு வளர்ச்சி சீக்கிரம் முடியும், வருஷத்துக்கு ஒரு அறுவடை கூடுதலா எடுக்கலாம். 1930-களில் கெரிக்கோட தொட்டியில் இருந்த பெரிய தலைவலியே இந்தக் காத்துதான். தேங்கின கரைசலில் வேர் மூச்சுத் திணறும். இங்கிலாந்தில் ஆலன் கூப்பர், சாய்வான வாய்க்காலில் மெல்லிய படலமா கரைசலை ஓட விட்டு அதைத் தீர்த்தார். 1979-ல் அதுக்குப் புத்தகமே போட்டார். டேனிஷ்காரங்க பாறையை உருக்கிப் பஞ்சா இழுத்த 'ராக்வூல்' கட்டியைச் செடிக்குப் படுக்கையாக்கினாங்க. இதெல்லாம் தக்காளி, வெள்ளரி, கீரை விவசாயிகளுக்காக வந்தது. கஞ்சாக்காரங்க இரவல் வாங்கிக்கிட்டாங்க.

தண்ணியோட பலவீனம் பொறுமையின்மை. மூணு மணி நேரம் கரண்ட் கட், பம்பு நின்னா, படலமா ஓடுற முறையில் வேர் காய ஆரம்பிச்சிடும். கரைசலோட அளவு தப்பினா அன்னைக்கே இலையில் தெரியும். ஒரு செடிக்கு வேரழுகல் வந்தா அதே கரைசல் எல்லாத்துக்கும் பரப்பிடும். மண் தாத்தா மாதிரி, தண்ணி ஹெட்மாஸ்டர் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

ஆக, ஒளிச்சு வளர்க்கிறவனுக்கு எது வசதி? எடை கம்மி, இடம் கம்மி, நாள் கம்மி. அந்தச் சூழ்நிலையில் தண்ணி ஜெயிச்சது. பூவுக்காக இல்லை, பூட்டின கதவுக்காக.

செடியை எண்ணின சட்டம்

சட்டம் செடியோட உருவத்தையே மாத்தினதும் நடந்தது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் எடை மட்டும் இல்லாம செடி எண்ணிக்கையும் கணக்கு. 100 செடின்னா குறைஞ்சது 5 வருஷம், 1000 செடின்னா 10 வருஷம். தண்டனை வழிகாட்டியில் 50 செடிக்கு மேல போனா ஒவ்வொண்ணும் ஒரு கிலோவுக்குச் சமம்னு வச்சிருந்தாங்க. ஒரு முழ நாற்றும் ஒரு கிலோதான், ஆளுயரச் செடியும் ஒரு கிலோதான்! 1995-ல்தான் அந்த வழிகாட்டி செடிக்கு 100 கிராம்னு இறங்கிச்சு. எண்ணினா மாட்டுவோம்னா, எண்ணிக்கையைக் குறைச்சு ஒவ்வொரு செடியையும் பெரிசாக்குறதுதானே மனுஷ புத்தி?

1989 அக்டோபர் 26, வியாழக்கிழமை. மத்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறை 'ஆபரேஷன் கிரீன் மெர்ச்சண்ட்' என்ற பேரில் 46 மாநிலங்களில் இறங்கிச்சு. குறி யார் மேல? விளக்கு, தொட்டி, உப்பு, பம்பு விக்கிற தோட்டக் கடைகள் மேல. கஞ்சாப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்த கடைகளைப் பிடிச்சு, அவங்க வாடிக்கையாளர் லிஸ்ட்டை எடுத்தாங்க. அங்கே ஆர்க்கிட் பூவுக்கு விளக்கு வாங்கினவங்களும், குளிர்காலத்துல தக்காளி போடத் தொட்டி வாங்கினவங்களும் அதே லிஸ்ட்டில்தான். ஆரிகனில் இருந்து வந்த 'சின்செமியா டிப்ஸ்' பத்திரிகை விளம்பரம் இல்லாம 1990-ல் படுத்துடுச்சு.

பெர்க்லியில் ஒரு தாவரவியலாளர் கிரேக்க அகராதியைப் புரட்டிக் கொடுத்த வார்த்தை, ஐம்பது வருஷத்தில் போலீஸ் சந்தேகப்படுற வார்த்தை ஆயிடுச்சு. கீரை வளர்க்கிற கடைக்காரருக்கும் அதோட நிழல் விழுந்தது.

இதோட உச்சம் கைலோ வழக்கு. 1992 ஜனவரி, ஆரிகனில் ஃப்ளாரன்ஸ் என்ற சின்ன ஊர். அதிகாலை மூணேகால் மணி வாக்கில் தெருவில் காருக்குள்ளே உட்கார்ந்தபடி ஒரு அதிகாரி வெப்பத்தைப் படம் பிடிக்கிற கருவியை ஒரு வீட்டுப் பக்கம் திருப்பினார். சில நிமிஷ வேலை. கராஜ் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மத்த இடத்தை விடச் சூடு. இதையும் கரண்ட் பில்லையும் காட்டி வாரண்ட் வாங்கி உள்ளே போனா, 100-க்கு மேல செடிகள்.

கேள்வி இதுதான்: வீட்டுக்குள்ளே கால் வைக்காம, சுவர்ல கசியுற சூட்டை மட்டும் அளந்தா அது 'சோதனை' ஆகுமா? 2001 ஜூன் 11-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஆகும்னு சொல்லிச்சு. தீர்ப்பு எழுதின நீதிபதி ஸ்காலியா ஒண்ணும் தாராளவாதி இல்லை, கட்டுப்பெட்டின்னு பேர் எடுத்தவர். இன்னைக்கு இந்தக் கருவியை அனுமதிச்சா, வீட்டு அம்மா எத்தனை மணிக்கு வெந்நீரில் குளிக்கிறாங்கன்னு கூட வெளியே தெரியும், வீட்டுக்குள்ளே நடக்கிறது எல்லாமே அந்தரங்கம்தான்னு அவரோட வாதம்.

அந்த ஆளைக் காட்டிக் கொடுத்தது என்ன? மண்ணும் இல்லை, தண்ணியும் இல்லை. விளக்கு! மண்ணா தண்ணியான்னு எத்தனை அடிச்சுக்கிட்டாலும் செலவு, சூடு, மகசூல், ஆபத்து எல்லாத்தையும் முடிவு பண்றது வெளிச்சம்தான்னு ஹோக்லண்டும் ஆர்னனும் தக்காளியை வச்சுச் சொன்னது இங்கே வேற ரூபத்தில் வந்து நிக்குது.

பூட்டு திறந்ததும்

ஒரு வாதத்தைச் சோதிக்கணும்னா காரணத்தை எடுத்துட்டுப் பார்க்கணும். சட்டம்தான் செடியை உள்ளே தள்ளினதுன்னா, சட்டம் தளர்ந்ததும் செடி வெளியே வரணும் இல்லையா?

1996-ல் கலிபோர்னியா மருத்துவக் காரணத்துக்கு அனுமதிச்சது. 2012-ல் கொலராடோ, 2016-ல் கலிபோர்னியாவில் 21 வயசானவங்க வீட்டில் 6 செடி. 2013-ல் உருகுவே 6 செடி. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் ஒரு வீட்டுக்கு 4 செடி (கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்க்கக் கூடாதுன்னு அடம், 2023-ல் அவங்க உச்ச நீதிமன்றமும் அதை ஒத்துக்கிச்சு). 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் ஆளுக்கு 3 செடி.

கலிபோர்னியா மாதிரி வெயில் இருக்கிற ஊர்களில் கொல்லைப்புற மண்ணும் பெரிய துணிப்பை மண்ணும் திரும்பி வந்தது. மண்ணை உயிரோட வச்சு, அதையே வருஷா வருஷம் திரும்பப் பயன்படுத்துற 'உயிர் மண்' கோஷ்டி ஒண்ணு உருவாச்சு. நாலே நாலு செடி வச்சுக்கிட்டு, ஆபீஸ் போய்ட்டு வர்ற ஆளுக்குத் தாத்தா போதும், ஹெட்மாஸ்டர் எதுக்கு? பெரிய கம்பெனிகள் வேலையாள் கணக்குக்கும் ஒரே சீரான தரத்துக்கும் தண்ணியையும் தேங்காய் நார்த்தூளையும் ராக்வூலையும் வச்சுக்கிட்டாங்க. தப்பில்லை. அவங்க அவங்க தீவு அவங்களுக்கு.

ஆனா வீட்டுக்குள்ளே வளர்க்கிற பழக்கம் முழுசா போகலை, அதோட பில் பெரிசு. 2012-ல் இவான் மில்ஸ் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். அமெரிக்காவோட மொத்த மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம் உள்ளரங்க கஞ்சா வளர்ப்புக்குப் போகுது, வருஷத்துக்கு 600 கோடி டாலர்னு. விளக்கு, ஏசி, ஈரம் உறிஞ்சுற கருவி, எல்லாம் சேர்த்து. வெயில் ஓசியில் அடிக்கிற ஊரில் செடிக்கு விளக்குப் போட்டு, அந்த விளக்கோட சூட்டைத் தணிக்க ஏசி போட்டு... ஒரு தடைச்சட்டம் உண்டாக்கின பழக்கம் தடை போன பிறகும் கரண்டைக் குடிச்சுக்கிட்டு இருக்கு.

அந்த "அதான்"

மறுபடி ஏர்போர்ட் செய்திக்கு வருவோம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தது, 2025-ல் மருந்துச் சீட்டு இருந்தால்தான்னு மறுபடி இறுக்கிச்சு. இடையில் அங்கே விளைச்சல் பெருகிச்சு, அதில் ஒரு பங்கு பெட்டிக்குள்ளே நம்ம ஊருக்கு வருது. வீரியமான ரகமா இருக்கலாம், விதையில்லாத பூவா இருக்கலாம், அளந்து கொடுத்த வெளிச்சத்தில் வளர்ந்ததா இருக்கலாம். இதையெல்லாம் நல்ல மண்ணிலும் செய்யலாம். 'ஹைட்ரோபோனிக்' என்ற வார்த்தையைக் கேட்டா விலை ஏறுது, விக்கிறவன் அதைத்தான் சொல்லி விக்கிறான். பேப்பரும் அதே அடைமொழியைத் தலைப்பில் போட்டா, ஓசி விளம்பரம் யாருக்கு? 1930-களில் உப்புப் பொட்டலம் வித்தவன் செஞ்ச வேலையும் இதேதான்.

இன்னொரு பக்கம், நம்ம ஊர்லயே மொட்டை மாடியில் குழாயில் கீரை, புதினா வளர்க்கிறவங்க இப்போ நிறைய பேர். சென்னை மாதிரி தண்ணிப் பஞ்ச ஊரில், சுத்திச் சுத்தி வர்ற கரைசலால தண்ணி மிச்சம், மண் சுமக்க வேண்டாம். மொட்டை மாடியும் ஒரு தீவுதானே! அவங்களுக்கு அது நியாயமான வழி. 1989-ல் அமெரிக்கத் தோட்டக்கடைக்காரர் மேல விழுந்த மாதிரி ஒரு நிழல், வார்த்தைக் குழப்பத்தால இந்தக் கீரைக்காரங்க மேல விழக் கூடாதுங்கிறதுதான் என் கவலை.

மண்ணா தண்ணியான்னு இனிமே யாராவது கேட்டா, முதல்ல திருப்பிக் கேளுங்க: "எந்தச் செடி, எந்த இடம், யார் பார்த்துக்கப் போறாங்க, எவ்வளவு வெளிச்சம்?" இந்த நாலுக்கும் பதில் வந்துட்டா மண்ணும் தண்ணியும் தானா முடிவாயிடும். இதைச் சொல்ல ரெண்டு பேர் ஒரு கண்ணாடிக் கூடத்தில் மூணு பாத்தி போட்டாங்க. பேப்பரில் ஃபோட்டோ வந்தது என்னவோ ஏணி மேல நின்னவருக்குத்தான்.

காய்கறிக்கு மண்ணிலும் தண்ணியிலும் ரெண்டிலும் வளர்த்துப் பார்த்தவங்க இருந்தா பின்னூட்டத்தில் அனுபவத்தைச் சொல்லுங்க. காய்கறின்னு சொன்னேன், ஆமா :-)